பின்சீற் இல்லாத சீதனம்

1

லண்டனில் பக்கத்து வீட்டுக்காரரோடு வாய்விட்டுக் கதைப்பதற்கு நாலு வருடம் பிடிக்கும். முதல் வருடம் தலையை ஆட்டுவார்கள். இரண்டாம் வருடம் மழையைப் பற்றி ஒரு சொல். மூன்றாம் வருடம், இந்த மழை போன வருடத்து மழையைவிடக் கூடவா குறைவா என்று ஒரு முழு வசனம். எனக்கும் பக்கத்து வீட்டு ஆர்தருக்கும் நாலாவது வருடம் போன புரட்டாதியில் முடிந்தது. நான் இங்கே வந்து இறங்கியதும் ஒரு புரட்டாதியில்தான் என்பதால் கணக்குப் பிழைக்க வழியில்லை.

அன்று சனிக்கிழமை. நான் பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றேன். ஆர்தர் தன் கராஜைத் திறந்து, உள்ளே வருடக்கணக்காக மூடிக்கிடந்த எதன் மேலிருந்தோ படங்கை இழுத்துவிட்டார். முதலில் ஒரு மூக்குத் தெரிந்தது. நிலத்தோடு நிலமாகப் படுத்த தட்டை மூக்கு. அந்த மூக்கை நான் எங்கே கண்டாலும் மட்டுக்கட்டுவேன். ஈரப் பெனியனைக் கையில் பிடித்தபடி வேலியடிக்குப் போனேன்.

“இதே கார் ஒன்று என்னிடமும் இருக்கிறது” என்றேன்.

ஆர்தர் என்னைப் பார்த்தார். அதுவரைக்கும் என்னிடம் ஒரு நல்ல குடைகூட இருக்கும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

“இதே காரா? எங்கே?”

“யாழ்ப்பாணத்தில். முதலில் சிவப்பு. பிறகு நீலம்.”

“அங்கே இது எப்படிப் போனது?”

“என் கலியாணத்துக்கு அப்பா தந்தது.”

“உங்கள் அப்பாவுக்கு உங்கள் மேல் எவ்வளவு அன்பு!” என்றார் ஆர்தர். சீதனம் என்றால் என்ன என்று அவருக்கு விளங்கப்படுத்த இன்னும் நாலு வருடம் வேண்டும்.

காரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அதைச் செய்த கம்பனி ஒரு கொட்டிலுக்குள் தொடங்கி ஒரு கொட்டிலுக்குள்ளேயே முடிந்ததாம். செய்த கார்கள் மிகக் கொஞ்சம். ஊரில் அந்தப் பெயர் ஒருவருடைய வாயிலும் ஒழுங்காக நுழைந்ததில்லை. ஆனால் கொக்குவில் ஸ்ரேசனில் இறங்கி, ‘சேவையற்றை பிளாஸ்ரிக் கார்’ என்று கேட்டால் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுவந்து எங்கள் கேற்றடியில் இறக்கிவிடுவார்கள்.

2

அப்பா காணி அளக்கிற அரசாங்க சேவையராக மலைநாட்டில் வேலை செய்தவர். அவர் பென்சன் எடுக்கிற வருடத்தில், தோட்டமொன்றில் எஞ்சினியராக இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டுத் தன் நாட்டுக்குப் புறப்பட்டார். மற்றவர்கள் அலுமாரி வாங்கினார்கள், பியானோ வாங்கினார்கள். அப்பா கார் வாங்கினார். வேகத்துக்காக அல்ல. இரண்டு பேர் மட்டும் போகிற கார் என்றால் பெற்றோலும் இரண்டு பேருக்கு அளவாகத்தான் குடிக்கும் என்று நினைத்துவிட்டார்.

எங்கள் வீட்டில் ஆட்கள் மூன்று பேர்: அப்பா, அம்மா, நான். கார் வாங்கிய வீட்டுப் பிள்ளை இரண்டு றங்குப் பெட்டியோடு ரயிலில்தான் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தாள். அப்பாவும் அம்மாவும் காரில் அதற்கு மறுநாள் வந்தார்கள். வழியில் ஒவ்வொரு கடைத்தெருவிலும் ஆட்கள் மறித்துப் பார்த்ததால் சுணங்கிவிட்டதாம்.

கொக்குவிலில் வந்த முதலாம் ஆள் காரைச் சுற்றி ஒரு முறை நடந்துவிட்டுக் கேட்டார்.

“அண்ணை, பின்சீற் எங்கை? வழியிலை கழட்டிப் போட்டாங்களோ?”

இரண்டாம் ஆள் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். “உது தகரமில்லையே! எங்கடை வாளிமாதிரியெல்லோ கேக்குது.”

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஒருவர் காந்தத்தோடு வந்தார். காந்தம் எங்கேயும் ஒட்டவில்லை. உடம்பு முழுவதும் பைபர்கிளாஸ் என்று அப்பா விளங்கப்படுத்தினார். அந்தச் சொல்லில் ‘கிளாஸ்’ என்பது மட்டும் அம்மாவின் காதில் நன்றாக ஏறியது. பிளாஸ்ரிக் என்று ஊர் சொன்னதும் ஏறியது. ஒன்றென்றால் உடையும், மற்றதென்றால் உருகும். ஆகவே அம்மா இரண்டுக்கும் மருந்து கண்டுபிடித்தார். சித்திரை வெயில் தொடங்கியதும் சாக்குகளைக் கிணற்றடியில் நனைத்துக் காரின் மேல் போடுவார். காய்ந்ததும் திரும்ப நனைப்பார். அந்த வருடம் எங்கள் வளவில் தண்ணீர் குடித்தது தோட்டத்தைவிடக் கார்தான் அதிகம். கார் உருகவில்லை. அதனால் மருந்து பலித்தது என்று அம்மா இன்றைக்கும் நம்புகிறார்.

நல்லூர்த் திருவிழாவுக்கு அப்பாவும் அம்மாவும் காரில் போவார்கள். நான் பின்னால் சைக்கிளில். பெரும்பாலும் நான்தான் முதலில் போய்ச் சேர்வேன்.

3

வெளிநாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வரக்கூடாது என்று அரசாங்கம் கதவைப் பூட்டிய காலம் உங்களுக்கு மறந்திருக்காது. அரிசிக்கு வரிசை, பாணுக்கு வரிசை, சீலைத் துணிக்கு வரிசை. புதுக் கார் என்ற பேச்சே இல்லை. உலகம் முழுவதும் கார் பழசாகப் பழசாக விலை இறங்கும். எங்கள் ஊரில் ஏறியது. வெங்காயமும் மிளகாயும் நல்ல விலைக்குப் போன நாட்கள். தோட்டக்காரரின் கையில் காசு புழங்கியது, வாங்கக் கார் இல்லை. ஆகவே மாதம் ஒருவர் எங்கள் கேற்றைத் தட்டுவார். ஒவ்வொருவரும் முந்தினவர் கேட்டதைவிடக் கூடக் கேட்பார்.

“விக்கிறதுக்கில்லை. பிள்ளையின்ரை சீதனம்” என்பார் அப்பா.

கார் ஓடியே ஆகவேண்டும் என்று ஒருவரும் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு தடவை ரயர் கிடைக்காமல் ஏழு மாதம் கல்லின் மேல் நின்றது. அந்த ஏழு மாதத்திலும் விலை ஏறிக்கொண்டேயிருந்தது.

எழுபத்தாறாம் ஆண்டு தரகர் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். உடுப்பிட்டியில் மாப்பிள்ளை வீடு. தகப்பன் பென்சன் எடுத்த தலைமை ஆசிரியர். மாப்பிள்ளை லண்டனில் எக்கவுண்டன்சி படிக்கிறார், இன்னும் இரண்டு சோதினைதான். வீடு பேசினார்கள், நகை பேசினார்கள். காசு என்ற இடத்தில் அப்பாவுக்கு ஐம்பதினாயிரம் குறைந்தது. அந்த இடத்தில் அப்பா காரை நிறுத்தினார்.

என் மாமனாராகப் போகிறவர் பருத்தித்துறையிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு பெறுமதி பார்க்க வந்தார். மெக்கானிக் முன்மூடியைத் திறந்து, நெடுநேரம் பார்த்து, ஒரு பீடியைப் பற்றவைத்துவிட்டுச் சொன்னார்:

“எஞ்சின் இருக்கு.”

எல்லோருக்கும் நெஞ்சில் தண்ணீர் வந்தது. மாமாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

“கார் எண்டால் நாங்கள் ஒரு நாலுபேர் போகவேண்டாமோ?”

தரகர் விடுவாரா? “மாஸ்ரர், உது நாலுபேர் போற காரில்லை. நாலுபேர் பாக்கிற கார்.”

அதோடு சம்பந்தம் சரிவந்தது. நான் அப்போது உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். காரை இரண்டு மணித்தியாலம் பார்த்தவர்கள் என்னைத் தேத்தண்ணி குடித்து முடிக்கும் மட்டும் பார்த்தார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. என்னிடம் முன்மூடி இல்லைத்தானே.

4

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். முதலில் எழுத்து. அதாவது பதிவுத் திருமணம். தாலி கட்டுவது பிறகு, சிலவேளை ஒரு வருடம் கழித்து. எழுதியவுடன் சட்டப்படி மனைவி. ஆனால் தாலி ஏறும்வரை மாப்பிள்ளையோடு தனியாக முற்றத்தைக்கூடத் தாண்டக்கூடாது. எழுத்துக்காக மாப்பிள்ளை மூன்று கிழமை லீவில் வந்தார். அன்றைக்கே அப்பா கார்ப் புத்தகத்தில் என் பெயரைப் பதிந்து கொண்டுவந்து மாமாவின் கையில் கொடுத்தார்.

“சீதனம் பொம்பிளையின்ரை பேரிலைதான் இருக்கோணும் மாஸ்ரர். தேசவழமைச் சட்டம் அப்பிடி” என்றார்.

“ஆற்றை பேரிலை இருந்தாலென்ன, நிக்கிறது எங்கடை வளவிலைதானே” என்று மாமா சிரித்தார்.

எழுத்து முடிந்த இரண்டாம் நாள் மாப்பிள்ளைக்குக் காரைக் கீரிமலை வரைக்கும் ஓடிப் பார்க்க ஆசை வந்தது. பொம்பிளையும் வரட்டும் என்றார். அங்கேதான் சிக்கல். கீரிமலை நகுலேஸ்வரரைக் கும்பிடப் போவதைத் தடுக்க முடியாது. கூட ஒரு ஆளை அனுப்பவும் முடியாது, சீற் இரண்டுதான். அரை மணித்தியாலம் மாநாடு நடந்தது. அம்மாவை என் மடியில் இருத்தலாம் என்றுகூட ஒரு யோசனை வந்தது. கடைசியில் ஒரு வாடகைக் கார் பிடித்து, ஏழு பேர் நெருங்கிக்கொண்டு ஏறி, எங்களுக்குப் பின்னாலேயே வந்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் நாங்கள் மறைந்தவுடன் கோன் அடித்துக் கூப்பிடுவார்கள். நாங்கள் திரும்ப ஒரு கோன் அடித்துக் கற்பைக் காப்பாற்றினோம்.

கீரிமலை போய்ச் சேரும் மட்டும் மாப்பிள்ளை சொன்ன வசனங்கள் மூன்று. “எஞ்சின் சத்தம் நல்லாயிருக்கு.” “கியர் கொஞ்சம் இறுக்கம்.” “உமக்குக் காத்து அடிக்குதோ?” மூன்றாவது வசனத்தை நான் அந்த வாரம் முழுவதும் வைத்து யோசித்தேன்.

திரும்பி வரும்போது மாவிட்டபுரத்துக்குக் கிட்ட ஒரு மாடு றோட்டுக்கு ஏறியது. லண்டன் றோட்டில் பழகிய மாப்பிள்ளை, மாடு விலகும் என்று எதிர்பார்த்தார். மாடு, கார் விலகும் என்று எதிர்பார்த்தது. கார் போய் ஒரு கல்மதிலில் மூக்கை இடித்து நின்றது. மூக்கு மண் சட்டி மாதிரி உடைந்து கொட்டியது. பின்னால் வந்த ஏழு பேரும் குதித்து ஓடிவந்தார்கள். ஆறு பேர் காரிடம் போனார்கள். அம்மா மட்டும் என்னிடம் வந்தார்.

ஆனால் அவர்கள் வந்து சேர்வதற்கு முந்தி, மூக்கு உடைந்த அந்தக் கணத்திலேயே, மாப்பிள்ளை காரைப் பார்க்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்துத்தான் கேட்டார்:

“உமக்கு ஒண்டும் இல்லையோ?”

இந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு எழுத்து நாளிலிருந்து ஆறு வருடம் நான் குடும்பம் நடத்தியிருக்கிறேன். இதை இந்தக் கட்டுரையில் வேடிக்கையாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

பைபர்கிளாஸை ஒட்ட ஊரில் எந்தக் கராஜிலும் ஆள் இல்லை. உடுப்பிட்டிக்கு வடக்கே கடற்கரையில் பைபர் வள்ளம் கட்டுகிற ஒருவரைத் தேடிப் பிடித்தார்கள். தலைமுறையாகக் கடலோடிய குடும்பம். அவர் காரைப் பார்த்த மாத்திரத்தில் கேட்டது எங்களுக்குப் பிறகு வருடக்கணக்காகச் சிரிக்க உதவியது.

“உதைக் காரெண்டு ஆர் சொன்னது? கவிட்டுப் போட்டுப் பாருங்கோ, வள்ளம். சில்லுப் பூட்டினதுதான் பிழை.”

ஒட்டு எங்கே என்று தெரியாமல் ஒட்டினார். ஆனால் அவரிடம் இருந்தது வள்ளத்துக்குப் பூசுகிற நீலம் மட்டும். மூக்கு நீலமும் முதுகு சிவப்புமாக விடக்கூடாது என்று முழுக் காரையும் நீலமாக்கினார். கூலியாகக் கடற்கரை மணலில் ஒரு ஓட்டம் மட்டும் கேட்டார். அதன் பிறகு கார் உடுப்பிட்டிக்கும், மாப்பிள்ளை லண்டனுக்கும் போனார்கள்.

5

எழுபத்தேழில் ஆட்சி மாறியது. பூட்டிய கதவு திறந்தது. சில மாதத்துக்குள் யப்பான் கார்கள் கப்பலால் இறங்கி, யாழ்ப்பாணத்து றோட்டுகளில் சத்தமில்லாமல் ஓடத் தொடங்கின. நாலு கதவு, பின்சீற், உள்ளே குளிர்காற்றுக்கூட. எங்கள் கேற்றைத் தட்டிக்கொண்டிருந்த வெங்காயக்காரர் எல்லோரும் ஒவ்வொன்றில் ஏறிப் போனார்கள். ஒருவர் மட்டும் நின்று, “நல்லகாலம் அண்ணை, நீங்கள் அண்டைக்குத் தரேல்லை” என்று மனதார நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வருடம் மாசி மாதம் தரகர் வந்தார். முகம் சாவீட்டுக்கு வந்த முகம்.

“மாஸ்ரர் ஆக்கள் கேக்கினம், அண்ணை. ஐம்பதுக்கு மதிச்ச கார் இப்ப பதினைஞ்சுக்கும் போகாதாம். ஒட்டின காருமெல்லோ. மிச்சத்துக்கு ஏதாவது ஈடு...”

அப்பாவிடம் காசு இருக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் நாலு பரப்புத் தோட்டக் காணி இருந்தது, கிணற்றோடு. சிவப்பு மண். அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் அம்மா சாக்கு நனைத்தது. அப்பா பத்திரம் எழுதுகிற நொத்தாரிசிடம் போய் அதை மாமாவின் பெயருக்கு உறுதி எழுதினார்.

“எழுத்து முடிஞ்சுதுதானே. ஏன் குடுத்தனீங்கள்? இனி அவையாலை என்ன செய்யேலும்?” என்று நான் சண்டை பிடித்தேன்.

அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டு சொன்னார். “எழுதின பிள்ளையை வீட்டிலை வைச்சுக்கொண்டு நான் என்னத்தைப் பிள்ளை கதைக்கிறது?”

ஆவணியில் தாலி ஏறியது. புரட்டாதியில் லண்டன். வந்து ஒரு கிழமைக்குள் என் கணவரிடம் காணியைப் பற்றிக் கேட்டேன்.

“அது அப்பாவின்ரை அலுவல். எனக்கு ஒண்டும் தெரியாது” என்றார்.

நம்பினேன். மூக்கு உடைந்தபோது என்னைப் பார்த்த மனிதர் அல்லவா. அப்பாவும் ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு வரி எழுதுவார். ‘மாஸ்ரர் காணியைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார். குத்தகைக்காரன் நல்ல பெடியன். கேட்டால் கிணற்றில் குளிக்க விடுகிறான்.’ தன்னுடைய கிணற்றில் குளிக்கத் தன் மகளின் வயதுடைய ஒருவனிடம் கேட்டு நிற்கிறார் என் அப்பா. அந்த வரியை நான் ஒவ்வொரு முறையும் இரண்டு தரம் வாசிப்பேன்.

6

இனி ஆர்தருக்கு வருவோம். என் கணவர் இப்போது முழு எக்கவுண்டன். ஓடுவது யப்பான் கார். ஆர்தர் வேலிக்கு மேலால் அவரிடம், அந்தக் காரில் இன்று உலகத்தில் மிஞ்சியிருப்பது மிகச் சிலதான், சேகரிக்கிறவர்கள் என்ன விலை சொன்னாலும் தருவார்கள் என்று சொல்லி, ஒரு தொகையையும் சொன்னார். என் கணவர் உள்ளே வந்து கதிரையில் இருந்தார். சப்பாத்தைக் கழற்றவில்லை.

“எங்கடை கார் இப்பவும் நிக்குதெல்லோ?” என்றார். நாலு வருடத்தில் முதல் தடவையாக அது எங்கடை கார்.

நின்றது. உடுப்பிட்டியில் மாமி அதற்குள் கோழி வளர்க்கிறார். மழைக்கு ஒழுகாத, கீரி நுழையாத கூடு அந்தப் பகுதியில் அது ஒன்றுதான்.

இந்தக் கார்காரர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. செய்த ஒவ்வொரு காரையும் இலக்கம் போட்டுப் பதிந்து வைத்திருக்கிறார்கள். எங்களுடையதற்கு நேரே ‘காணாமற்போனது’ என்று எழுதியிருந்ததாம். கண்டுபிடித்தோம் என்று அறிவித்ததும் சங்கச் செயலாளர் நாலு பக்கப் படிவம் ஒன்று அனுப்பினார். வாசிக்க வாசிக்க எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. பிறந்த ஆண்டும் மாதமும் என்ன? நிறம் பிறவி நிறம்தானா? இதற்கு முந்தி எத்தனை கை மாறியது? உடம்பில் ஒட்டு வெட்டு உண்டா? உண்டென்றால் யார் கையால்? வீட்டுக்குள் வைத்துப் பராமரித்ததா, வெளியில் விட்டதா? எங்கள் தரகருக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தால் இங்கே நல்ல உத்தியோகம் கிடைத்திருக்கும். சாதகம் கேட்கவில்லையே என்று பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் அதுவும் இருந்தது: கார் பிறந்ததிலிருந்து உள்ள எல்லாக் கடதாசிகளும் வேண்டும். கடதாசி கூடக் கூடப் பெறுமதி கூடும். வேறு மொழியில் இருந்தால் மொழிபெயர்த்து இணைக்கவேண்டும்.

மூன்று வயது முடிந்த எங்கள் மகள், பாலர் பள்ளியில் படித்த ஆங்கிலத்தில்தான் இப்போது எதையும் கேட்பாள்.

“அந்தக் கார் அப்பாவுக்கு யார் கொடுத்தது?”

“அம்மாவைக் கட்டினதுக்கு அப்பப்பாவுக்குக் கிடைச்சது” என்றேன் தமிழில்.

“அப்ப அம்மாவை யார் கொடுத்தது?”

“அது காரோடை வந்தது.”

அவள் சிரித்துவிட்டு ஓடிப்போய் அதை ஆர்தருக்கு மொழிபெயர்த்தாள். எங்கள் வீட்டு விஷயங்களில் ஆர்தருக்கு விளங்காத பகுதி குறைந்துகொண்டு வருகிறது. எங்கள் மொழியில் அவளுக்கு விளங்காத பகுதி கூடிக்கொண்டு வருகிறது.

என் கணவர் தகப்பனுக்கு எழுதினார்: காரைப் பற்றிய கடதாசி எதையும் விடாமல் அனுப்புங்கோ. மாமா முப்பது வருடம் தலைமை ஆசிரியராக இருந்தவர். ஒரு பைலைத் திறந்து, இது அனுப்பலாம், இது கூடாது என்று பிரித்தெடுக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. பைல் என்றால் பைல். பக்க இலக்கம் போட்டு, துளையிட்டு, பச்சை நாடா கட்டி, முழுவதையும் பார்சலில் அனுப்பிவிட்டார்.

பார்சல் வந்த சனிக்கிழமை என் கணவர் ஆங்கிலக் கடதாசிகளை ஆசையோடு பிரித்தெடுத்தார். தமிழில் இருந்தவற்றை அப்படியே என் பக்கம் தள்ளினார். தகப்பன் எழுதிய குறிப்புகள் என்று நினைத்திருக்கவேண்டும்.

“நீர் ஊரிலை தமிழ் படிப்பிச்ச ரீச்சரெல்லோ. உதுகளைக் கொஞ்சம் இங்கிலீசிலை எழுதிக் குடும்” என்றுவிட்டு, சந்தோஷத்தில் விசிலடித்துக்கொண்டு ஆர்தரிடம் போனார்.

7

பதினேழாம் பக்கம் ஒரு விமானக் கடிதம். நீல நிறம், லண்டன் முத்திரை, எழுபத்தெட்டாம் ஆண்டு தை மாதம். கையெழுத்தை ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. இந்த வீட்டில் எனக்கு எழுதி வைக்கிற துண்டிலும் அதே கையெழுத்துத்தான். அப்படியே தருகிறேன்.

‘அன்புள்ள அப்பாவுக்கு. யப்பான் கார்கள் இறங்குவதாக இங்கே ஊர்ப் பெடியள் கதைக்கிறார்கள். உண்மையென்றால் எங்கடை கார் மதித்த விலையில் மூன்றில் ஒரு பங்கும் போகாது. பெறுமானத் தேய்வு என்பது எக்கவுண்டன்சியில் சாதாரண விஷயம். அதை அவையள்தான் பொறுக்கவேண்டும். மூக்கு உடைந்து ஒட்டிய கார் என்பதையும் எடுத்துச் சொல்லுங்கோ. யார் உடைத்தது என்பதைக் கிளறவேண்டாம். காசு இல்லையென்று சொல்வார்கள். வீட்டுக்குப் பின்னால் கிணற்றோடு ஒரு காணி இருக்கிறது, நான் வந்தபோது பார்த்தேன். மரியாதையாகக் கதையுங்கோ. ஆனால் விட்டுக்கொடுக்காதேங்கோ.’

நான் வந்தபோது பார்த்தேன். காணியைப் பார்த்திருக்கிறார். கிணற்றைப் பார்த்திருக்கிறார். மூக்கு உடைந்தபோது என்னைப் பார்த்ததும் பொய்யில்லை. ஒரு மனிதருக்கு இரண்டு கண் இருக்கிறது என்பதை நான்தான் கணக்கில் எடுக்கவில்லை.

அழுதேன். அதை மறைத்து என்ன பயன். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு வந்து மொழிபெயர்த்தேன். ஒரு எழுத்தும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ‘விட்டுக்கொடுக்காதேங்கோ’ என்பதற்குச் சரியான ஆங்கிலச் சொல் தேடி அகராதியை எடுத்தேன். காபன் தாள் வைத்து இரண்டு பிரதி. ஒன்றைப் படிவத்தோடு சேர்த்து நானே தபாலில் போட்டேன். மற்றதை இராச்சாப்பாட்டுக்கு அவருடைய சோற்றுக் கோப்பையின் கீழ் வைத்தேன்.

அவர் சோற்றைப் போட முன் வாசித்தார். காதுகள் சிவந்தன.

“அது... அந்த நேரம் அப்பாதான் அப்பிடி எழுதச் சொன்னவர்.”

“உங்கடை அப்பாவுக்கு எழுதச் சொல்லி உங்கடை அப்பாவே சொன்னவரோ?”

“பழைய கதையப்பா. இப்ப ஏன்?”

“நான் கதைக்கேல்லையே. சங்கம் கேட்டுது, மொழிபெயர்த்தனான்.”

மூன்று கிழமையில் செயலாளரின் பதில் வந்தது. ஆர்தர் நேரிலும் வந்து கைகுலுக்கினார். அந்தக் கடிதம் ஒரு பொக்கிஷமாம். விபத்தும் ஒட்டும் எழுபத்தெட்டுக்கு முந்தியே நடந்தவை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறில்லையாம். அதை இணைத்ததால் காரின் பெறுமதியைக் கூட்டி மதித்திருக்கிறார்களாம். என் கணவரின் வெட்கத்துக்கு இங்கிலாந்தில் நல்ல விலை இருக்கிறது. வாங்க ஆளும் தயார். கோழி எச்சத்தைக்கூடக் கழுவாமல் அனுப்பச் சொல்கிறார், எல்லாம் அசலாக இருக்கவேண்டுமாம்.

கூடவே விற்பனைப் பத்திரம் ஒன்று. உரிமையாளர் கையொப்பமிட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளடிக் குறி. என் கணவர் பேனாவைத் திறந்துகொண்டு இருந்தவர், பெயரை வாசித்துவிட்டுப் பேனாவை மூடினார். கார்ப் புத்தகத்தில் உள்ளபடி அச்சடித்திருந்தார்கள். அது என் பெயர். நிற்பது எந்த வளவில் என்பதைப் பற்றிப் பத்திரத்தில் ஒரு கேள்வியும் இல்லை.

பத்திரம் இரண்டு கிழமையாகச் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. இந்த இரண்டு கிழமையும் தேத்தண்ணி போடுவது என் கணவர். சீனி கூடிப்போய்விட்டதா என்றும் கேட்கிறார். முந்தாநாள் மெல்லமாக, “நீர் என்ன யோசிக்கிறீர்?” என்றார்.

“ஒண்டுமில்லை. கார் விலை ஏறிப்போச்சு. முந்தி மதிச்சது குறைவெண்டு இப்ப தெரியுது. அப்ப ஈடெண்டு ஆருக்கோ கூடப் போயிட்டுது” என்றேன்.

எக்கவுண்டன் அல்லவா, விளங்கிக்கொண்டார்.

நேற்று வேலையால் வரும்போது ஒரு விமானக் கடிதம் வாங்கி வந்து அப்பாவுக்கு எழுதினேன். காணி உறுதி மாமாவின் பெயரில் இருக்கிறது, என் கையொப்பம் என் கையில் இருக்கிறது, அது வந்தால்தான் இது போகும் என்று எழுதினேன். குத்தகைக்காரப் பெடியனிடம் இனிக் கேட்கவேண்டாம், நேரே போய்க் குளியுங்கோ என்று எழுதினேன். உடுப்பிட்டிக்கு நாளைக்கே போங்கோ, தரகரையும் கூட்டிக்கொண்டு போங்கோ, நொத்தாரிசையும் கூட்டிக்கொண்டு போங்கோ. வாடகைக் கார் பிடியுங்கோ, பின்சீற் உள்ளதாகப் பார்த்துப் பிடியுங்கோ என்று எழுதினேன். இடம் முடிந்து, ஒட்டுகிற மடிப்பில் ஒரு விரலளவுதான் மிஞ்சியிருந்தது. அதில் என் கணவரின் வசனத்தையே எழுதி ஒட்டினேன்.

மரியாதையாகக் கதையுங்கோ. ஆனால் விட்டுக்கொடுக்காதேங்கோ.